பிடித்திருப்பதா, பயன்படுத்துவதா? ரிமோட் ஆப்ஜெக்டை விடுவிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

நண்பகலுக்கு மேல் எங்கள் சர்வரில் புதிதாக எந்த அறிக்கையும் திறக்கவில்லை. தரவுத்தள இணைப்புகள் 40ம் தீர்ந்திருந்தன. அறிக்கைத் திரையைத் திறந்து வைத்திருந்தவர்களோ அப்போது ஆறு பேர்தான். மீதி 34 இணைப்புகளையும் பிடித்து வைத்திருந்தவை, காலையில் யாரோ திறந்து, பார்த்து, மூடிவிட்டுப் போன திரைகள்.

அது ஜாவா ஆர்எம்ஐயில், அதாவது வேறு கணினியில் இருக்கும் ஆப்ஜெக்டை அழைக்க ஜாவா தரும் வசதியில், எழுதிய மென்பொருள். கிளையன்ட் ஓர் அறிக்கையைக் கேட்டால், சர்வர் ஒரு ரிமோட் ஆப்ஜெக்டை உருவாக்கும். அதற்குள் தரவுத்தளக் கர்சர் ஒன்று, அதாவது முடிவுகளைப் பகுதி பகுதியாக எடுக்கும் கைப்பிடி, ஓர் இணைப்பைப் பிடித்தபடி திறந்திருக்கும். கிளையன்டுக்குப் போவது ஸ்டப் மட்டும், அதாவது அந்த ஆப்ஜெக்டைச் சுட்டும் சிறு பதிலி. திரையை மூடினால் ஸ்டப்பை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள், பயன்படாத ஆப்ஜெக்ட்களின் நினைவகத்தைத் தானாக மீட்கும் கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துவிடும், சர்வருக்குத் தகவல் போகும், கர்சர் மூடப்படும். எழுதியவர்கள் இப்படித்தான் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் பொய் எதுவும் இல்லை. இவையெல்லாம் எப்போது நடக்கும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஸ்டப் மிகச் சிறிய பொருள். கிளையன்டின் ஹீப்பில், அதாவது ஆப்ஜெக்ட்கள் வாழும் நினைவகத்தில், இடம் தாராளமாக இருந்தது. கலெக்டரின் சிறு சுற்றுகள் ஓடினாலும், திரை கொஞ்ச நேரம் திறந்திருந்தால் ஸ்டப், நீண்ட நேரம் வாழ்பவற்றுக்கான பழைய தலைமுறைப் பகுதிக்கு நகர்ந்துவிடும். முழுச் சுற்று ஒன்று வந்தால்தான் அங்கிருந்து வெளியேறும். மூச்சுத் திணறுவது சர்வர், குப்பை கிடப்பது கிளையன்டில். கிளையன்டின் கலெக்டருக்கோ சர்வரின் திணறல் தெரியாது. இதை உணர்ந்துதான் ஆர்எம்ஐ, ரிமோட் ரெஃபரன்ஸ் (ரிமோட் ஆப்ஜெக்டைச் சுட்டும் பிடி) வைத்திருக்கும் கிளையன்டில் குறிப்பிட்ட இடைவெளிக்குள் ஒரு முழுச் சுற்றாவது ஓடும்படி தானே கேட்டுக்கொள்கிறது. அந்த இடைவெளி முன்பு ஒரு நிமிடமாக இருந்தது. ஜாவா 6 முதல் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் 34 கர்சர்கள் சேர்வது பெரிய விஷயமே இல்லை.

அன்றைக்கு மறுதொடக்கம் செய்து பிழைத்தோம். பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, இது ஆர்எம்ஐயின் ஓர் அமைப்பை மாற்றித் தீர்க்கும் காரியம் அல்ல என்று புரிந்தது. ரிமோட் ஆப்ஜெக்டின் ஆயுளை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எங்கள் முடிவுக்கு வந்தோம். இதே முடிவை எடுக்க வேண்டியிருப்பவர்களுக்காக அந்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படைச் சிக்கல். ஒரே புராசஸுக்குள், அதாவது ஓடும் ஒரே நிரலுக்குள், கார்பேஜ் கலெக்டருக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வேர்களிலிருந்து தொடங்கி எட்ட முடிந்ததை வைத்துக்கொள்ளும், எட்ட முடியாததை எடுத்துவிடும். நெட்வொர்க்கைத் தாண்டியதும் அந்தப் பார்வை போய்விடுகிறது. கிளையன்டிடமிருந்து சிறிது நேரமாகச் செய்தி இல்லை என்றால், அது செத்துவிட்டதா, கேபிள் கழன்றதா, மடிக்கணினியை மூடிவிட்டு யாராவது சாப்பிடப் போயிருக்கிறார்களா என்று சர்வருக்குத் தெரிய வழியே இல்லை. எவ்வளவு நுட்பமான அல்காரிதம் எழுதினாலும் இந்த மௌனத்துக்கு உறுதியான பொருள் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் காத்திருப்பது, அந்த நேரத்தை யார் தீர்மானிப்பது என்பதை மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம். கீழே வரும் வழிகளெல்லாம் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

எண்ணிக்கை வைத்தல்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று சர்வர் எண்ணி வைக்கும். ஒருவர் எடுத்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் அழித்துவிடலாம். ஒரே நினைவகத்துக்குள் இது அழகாக நடக்கும். நெட்வொர்க்கில் ஒரு பந்தயம் வந்துவிடுகிறது. கிளையன்ட் ‘அ’ தன் ரெஃபரன்ஸை ‘ஆ’வுக்கு அனுப்பிவிட்டு, உடனே தன்னுடையதை விட்டுவிடுகிறது. ‘ஆ’ அனுப்பும் ‘கூட்டு’ என்ற செய்திக்கு முன்பே ‘அ’ அனுப்பிய ‘குறை’ என்ற செய்தி வந்து சேர்ந்தால், எண்ணிக்கை பூஜ்யமாகிறது. ஆப்ஜெக்ட் அழிகிறது. ‘ஆ’வின் கையில் இருப்பது வெற்றுச் சீட்டு.

1987இல் பெவன் என்ற ஆய்வாளரும், தனியாக பால் வாட்சனும் இயன் வாட்சனும் இதற்குச் சொன்ன தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு ரெஃபரன்ஸுக்கும் ஓர் எடை உண்டு. 64 எடையுள்ள ரெஃபரன்ஸைப் பகிர்ந்தால் 32, 32 என்று பிரிந்துவிடும். சர்வருக்கு எதுவும் சொல்ல வேண்டாம். விடும்போது மட்டும் தன் எடையைத் திருப்பி அனுப்பினால் போதும். கொடுத்ததெல்லாம் திரும்பி வந்தால் அழிக்கலாம். ‘கூட்டு’ என்ற செய்தியே இல்லாததால் பந்தயமும் இல்லை. ஆனால் எடை ஒன்றுக்கு வந்துவிட்டால் மேலும் பிரிக்க முடியாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதைவிட முக்கியமாக, எடையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கிளையன்ட் செத்துப்போனால் அந்த எடை திரும்பி வரவே வராது. எண்ணிக்கைக்கு முகம் கிடையாது. ‘மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள்’ என்று சொல்லும், யார் அந்த மூவர் என்று சொல்லாது. ஒருவர் இறந்தால் எதைக் கழிப்பது?

ஆர்எம்ஐ போலவே வேறு கணினியின் ஆப்ஜெக்டை அழைக்க உதவும் மைக்ரோசாஃப்ட்டின் டிகாம், எண்ணிக்கையை வைத்துக்கொண்டே இந்த ஓட்டையைப் பிங் கொண்டு, அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி கொண்டு, அடைத்தது. 1996இல் விண்டோஸ் என்டி 4.0வுடன் வந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. கிளையன்ட் கணினி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிங் அனுப்பும். தொடர்ந்து மூன்று தவறினால், அதாவது ஆறு நிமிடம் கழிந்தால், அந்தக் கணினி பிடித்திருந்ததெல்லாம் விடுவிக்கப்படும். ஆயிரம் ஆப்ஜெக்ட்களுக்கு ஆயிரம் பிங் போவதில்லை, ஒரு தொகுதியாகச் சேர்த்து ஒன்றே போகும். நல்ல வடிவமைப்புதான். ஆனால் நேரக்கெடு கணினி முழுவதற்கும் பொது. அறிக்கைக் கர்சருக்கு ஒரு நேரம், கனமில்லாத ஆப்ஜெக்டுக்கு வேறு நேரம் என்று பிரிக்க வழியில்லை.

பெயர்ப் பட்டியலும் குத்தகையும்

எண்ணிக்கைக்குப் பதில் பெயர்ப் பட்டியல் வைத்தால் இறந்தவரின் பெயரை அடித்துவிடலாம். டிஜிட்டல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிரெல், நெல்சன் முதலியோர் மாடுலா-3 மொழிக்காகச் செய்து 1993இல் வெளியிட்ட நெட்வொர்க் ஆப்ஜெக்ட்ஸ் இந்த வழியில் போனது. ஜாவா ஆர்எம்ஐ அதைப் பின்பற்றியதுதான். ஆர்எம்ஐயின் விவரக்குறிப்பே அப்படிச் சொல்கிறது. பெரிய வேறுபாடு ஒன்று: மாடுலாவில் ஆப்ஜெக்டை வைத்திருக்கும் உரிமையாளர்தான் கிளையன்ட்களைப் பிங் செய்து உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்தார். ஆர்எம்ஐயில் கிளையன்ட்தான் தன் குத்தகையை, அதாவது குறிப்பிட்ட நேரம் வரை பிடித்திருக்கும் உரிமையை, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்டப் ஒன்று வந்து சேர்ந்ததும் கிளையன்ட் சர்வருக்கு ‘டர்ட்டி’ என்ற அழைப்பை அனுப்பும். அதற்குக் கிடைப்பது பத்து நிமிடக் குத்தகை. பாதி நேரம் போனதும், அதாவது ஐந்து நிமிடத்தில், கிளையன்ட் புதுப்பிக்கும். ஸ்டப் குப்பையானதும் ‘கிளீன்’ என்று சொல்லும். டர்ட்டியும் கிளீனும் வழியில் முன்பின் மாறினால் குழப்பம் வராதிருக்க ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. சர்வர் ஒரு ரெஃபரன்ஸை விடையாக அனுப்பிவிட்டால், கிளையன்டிடமிருந்து ஒப்புகை வரும் வரை தன் பக்கத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே மேலே சொன்ன பந்தயத்துக்கும் இடமில்லை. ‘அன்ரெஃபரன்ஸ்டு’ என்ற இன்டர்ஃபேஸை நம் ஆப்ஜெக்ட் ஏற்றுக்கொண்டிருந்தால், கடைசி ஆள் விட்டதும் சர்வர் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும். டர்ட்டி, கிளீன் வேலைகளுக்காக நிரல் எழுதுபவர் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. இந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன்.

சிக்கல் நடைமுறையில்தான் தெரிகிறது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் மடிக்கணினியைப் பாதி அறிக்கையோடு மூடிவிட்டுச் சாப்பிடப் போவார். குத்தகை பத்து நிமிடத்தில் முடியும். முடிந்தவற்றைச் சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தேடிப் பார்க்கும். ஆகவே பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் அவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். அவர் திரும்பி வந்து அடுத்த பக்கத்தைக் கேட்டால், சில நாள் பக்கம் வரும், சில நாள் ‘நோ சச் ஆப்ஜெக்ட்’ என்ற பிழை வரும். காரணம் இது: பட்டியல் காலியானதும் ஆப்ஜெக்ட் உடனே அழிவதில்லை. சர்வர் அதை வலுவாகப் பிடிப்பதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அதன்பின் சர்வரின் சொந்தக் கலெக்டர் ஓடியிருந்தால் ஆப்ஜெக்ட் போயிருக்கும். ஓடாவிட்டால் இன்னும் இருக்கும். ‘நேற்று சரியாக இருந்ததே’ என்று அவர் கேட்டதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பொறியையும் சொல்லியாக வேண்டும். ஆர்எம்ஐ கேட்டு ஓட வைக்கும் அந்த ஒரு மணி நேர முழுச் சுற்று சர்வரிலும் உண்டு. பெரிய ஹீப் உள்ள சர்வரில் மணிக்கொருமுறை எல்லாம் நின்று தொடரும். இதைப் பதிவில் பார்த்தவர்கள், வெளிப்படையாகக் கேட்கும் கலெக்‌ஷனை முடக்கும் அமைப்பை ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) போட்டுவிடுவார்கள். தேக்கம் போய்விடும், கூடவே ஆர்எம்ஐயின் நினைவூட்டலும் ஓசையின்றி நின்றுவிடும். குறிப்பாகக் கிளையன்டில் போட்டால், விடப்பட்ட ஸ்டப்கள் எவ்வளவு காலம் கிடக்கும் என்று சொல்லவே முடியாது. முடக்குவதற்குப் பதில், அப்படிக் கேட்கப்படும் சுற்றை மற்ற வேலைகளுடன் இணையாக ஓட்டச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. அதைப் போடுங்கள்.

பாதுகாப்பும் இதில் சேரும். டர்ட்டி, கிளீன் அழைப்புகளை ஏற்கும் வாசல் ஆர்எம்ஐ போர்ட்டில் எப்போதும் திறந்திருக்கும். அதன் வழியே தீய ஆப்ஜெக்ட்களை அனுப்பித் தாக்கும் கருவிகள் பரவின. 2017இல் ஜாவா 9உடன் வந்த வடிகட்டி இந்த வாசலுக்கும், பெயர் சொல்லி ரிமோட் ஆப்ஜெக்டைத் தேடும் ரெஜிஸ்ட்ரிக்கும் காவல் போட்டது; ஜாவா 8இன் பிந்தைய பதிப்புகளுக்கும் அது வந்தது. அதற்கும் பழைய பதிப்பில் ஆர்எம்ஐ ஓட்டுபவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பயன்படுத்தினால்தான் குத்தகை

2002இல் வந்த, மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்துக்கான ரிமோட்டிங் அதே குத்தகை என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது, பொருளை மாற்றிவிட்டது. ஆர்எம்ஐயில் கணக்கு ‘பிடித்திருப்பது’. ரிமோட்டிங்கில் கணக்கு ‘பயன்படுத்துவது’. ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஐந்து நிமிடக் குத்தகை. ஒவ்வோர் அழைப்பின்போதும் குறைந்தது இரண்டு நிமிடம் மீதமிருக்கும்படி நீட்டிக்கப்படும். பத்து மணிக்குப் பிறந்த ஆப்ஜெக்டை 10:04க்கு அழைத்தால் குத்தகை 10:06 வரை. பயனர் தேநீர் குடிக்கப் போய் 10:08க்குத் திரும்பினால், கிளையன்ட் உயிரோடு இருந்தாலும், ரெஃபரன்ஸ் கையில் இருந்தாலும், ஆப்ஜெக்ட் இணைப்பு அறுந்துவிட்டது என்றே பதில் வரும். இதைத் தடுக்க ‘ஸ்பான்சர்’ என்று ஒருவரைப் பதிவு செய்யலாம்; குத்தகை முடியும்போது சர்வர் அவரைக் கூப்பிட்டுக் கேட்கும். ஸ்பான்சர் கிளையன்டில் இருந்தால், சர்வர் கிளையன்டை நோக்கி இணைப்பு எடுக்க வேண்டும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் அது நடக்காது. பலர் சலித்துப்போய் குத்தகையே முடியாதபடி அமைத்துவிட்டு, பிறகு நினைவகக் கசிவைத் தேடி அலைந்தார்கள்.

இருந்தாலும் இந்த வழியில் ஒரு நேர்மை இருக்கிறது. கலெக்டர் எப்போது ஓடும் என்பதை இது நம்பியிருக்கவில்லை. நேரத்தைச் சர்வர் வைக்கிறது. கனமான வளத்தை வைத்திருப்பதும் சர்வர்தான். எங்கள் கர்சர் சிக்கலுக்கு ஆர்எம்ஐயைவிட இந்தச் சிந்தனையே பொருத்தம். ரிமோட்டிங்கை மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டின் புதிய வடிவமான டாட்நெட் கோருக்குக் கொண்டுபோகவில்லை, ஆகவே புதிதாக எழுதுபவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. சிந்தனையை எடுத்துக்கொள்ளலாம்.

எதுவும் செய்யாமல் விடுவது

பல மொழிகளுக்கும் பொதுவான ரிமோட் ஆப்ஜெக்ட் தரநிலையான கோர்பா அப்படித்தான் விட்டது. அதில் ரெஃபரன்ஸை நகலெடுப்பதும் விடுவதும் கிளையன்டின் சொந்த ஸ்டப்பை மட்டுமே பாதிக்கும், சர்வருக்குச் செய்தி போகாது. இதைக் குறை என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கோர்பா ரெஃபரன்ஸை நீளமான எழுத்துச் சரமாக மாற்றிக் கோப்பில் எழுதி வைக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பயன்படுத்தலாம். கோப்பில் கிடக்கும் சரத்தை எண்ணுவது யார்? அந்தச் சுதந்திரம் வேண்டுமென்றால் தானியங்கிக் குப்பை நீக்கம் சாத்தியமே இல்லை. அழிக்கச் சொல்லும் மெத்தடை நாமே எழுத வேண்டும், கிளையன்ட் அதை மறக்காமல் அழைக்க வேண்டும்.

ரிமோட் ஆப்ஜெக்டே வேண்டாம், ஓர் அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டு நிலையைத் தரவுத்தளத்தில் வைப்போம் என்ற இன்றைய பொதுப்போக்கும் இந்த வரிசையில்தான் சேரும். பெரும்பாலான புதிய அமைப்புகளுக்கு அதுவே சரி. ஆனால் திறந்த கர்சர், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீடு, பூட்டிய கோப்பு போன்றவற்றை எண்ணாக மாற்றினாலும் சர்வரில் ஏதோ ஒன்று உயிரோடு இருந்துதான் ஆக வேண்டும். அப்போது அதே கேள்வி வேறு பெயரில் திரும்பி வரும்.

இணைப்போடு பிறந்து இணைப்போடு இறப்பது

அண்மைக் காலத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வழி இது. தொலை அழைப்புக்கான நூலகமான கேப்ன் ப்ரோட்டோவில் ரிமோட் ரெஃபரன்ஸ் ஓர் இணைப்புக்குச் சொந்தம். விட்டால் ‘ரிலீஸ்’ செய்தி போகும். இணைப்பு அறுந்தால் அதன் வழியே வந்த ரெஃபரன்ஸ் எல்லாம் ஒரேயடியாக விடுபடும். குத்தகை இல்லை, தனிப் பிங் இல்லை. 2024இல் கிளவுட்ஃப்ளேர் தன் வொர்க்கர்ஸ் தளத்தில் கொண்டுவந்த ஆர்பிசியும் (தொலை அழைப்பு வசதி) இதே குடும்பம். ஸ்டப்பை வெளிப்படையாக விடுவிக்கும் முறையை அங்கே மொழியின் தொடரமைப்போடு இணைத்திருக்கிறார்கள். கலெக்டரை நம்பியிருக்க வேண்டாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் எங்கள் காரணமே: இந்தப் பக்கத்துக் கலெக்டருக்கு அந்தப் பக்கத்து வளத்தின் கனம் தெரியாது.

ஆண்ட்ராய்டில் புராசஸ்கள் ஒன்றையொன்று அழைக்க உதவும் பைண்டரும் இதற்கு அருகில் வரும். அங்கே எண்ணிக்கையைக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள டிரைவரே வைத்திருக்கிறது. ஒரு புராசஸ் இறந்தால் கெர்னலுக்கு உறுதியாகத் தெரியும், கேட்டு வைத்தவர்களுக்கு மரணச் செய்தியும் அனுப்பும். ஒரே சாதனத்துக்குள் இருப்பதால் மௌனத்துக்குப் பொருள் தேட வேண்டிய தேவையே அங்கு இல்லை. எண்ணிக்கை என்ற பழைய வழி அங்கே நன்றாக ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

இணைப்பு வழியின் பலவீனம் வெளிப்படை. வைஃபை ஒருமுறை தடுமாறினால் எல்லாம் போய்விடும். மறுபடி இணைந்து நிலையை மீட்டெடுக்கும் வேலை கிளையன்டின் தலையில்.

யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு

இதுவரை சொன்ன தானியங்கி வழிகளில், பிடித்திருப்பவர்களைக் கணக்கிடும் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு: சுழற்சி. அதுவும் அபூர்வமாக வருவதல்ல, கால்பேக், அதாவது சர்வர் திரும்பக் கிளையன்டை அழைக்கும் ஏற்பாடு, எழுதும் எல்லோருக்கும் வருவது. கிளையன்ட் ஒரு கேட்பானை (செய்தி வரும்போது அழைக்கப்படும் ஆப்ஜெக்ட்) வெளியிலிருந்து அழைக்கும்படி ஏற்றுமதி செய்து சர்வரின் அமர்வு ஆப்ஜெக்டிடம் கொடுக்கிறது. கேட்பானுக்குள் அந்த அமர்வின் ஸ்டப் இருக்கிறது. பயனர் திரையை மூடிவிட்டார். அமர்வைக் கேட்பான் பிடித்திருக்கிறது, கேட்பானை அமர்வு பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று குத்தகையை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். இரண்டு புராசஸில் ஒன்று இறந்தால்தான் முடிச்சு அவிழும். நாள் முழுவதும் திறந்திருக்கும் கிளையன்ட் என்றால் நாள் முழுவதும் கசிவு. எல்லாக் கணினிகளையும் சேர்த்துத் தேடிச் சுழற்சியைக் கண்டுபிடிக்கும் அல்காரிதங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் 1980கள் முதலே உண்டு. ஆர்எம்ஐயில் அது இல்லை. பதிவை நீக்கும் மெத்தட் ஒன்றை எழுதி அதைக் கட்டாயம் அழைப்பதுதான் ஒரே வழி.

எங்கள் முடிவு

கனமான வளத்தைக் கலெக்டரின் பொறுப்பில் விடக்கூடாது. இதில் எனக்கு இனி ஐயமில்லை. அறிக்கை ஆப்ஜெக்டுக்கு ‘மூடு’ என்ற மெத்தடை வைத்து, கிளையன்டில் அதைத் தானாக மூடும் ‘ட்ரை’ தொகுதிக்குள் கொண்டுவந்தோம். அதற்கு மேல், ரிமோட்டிங்கிலிருந்து கற்றபடி, சர்வரிலேயே ஒரு கடிகாரம்: மூன்று நிமிடம் யாரும் அழைக்காவிட்டால் கர்சரை மட்டும் மூடிவிடும், ஆப்ஜெக்டை விட்டுவைக்கும். திரும்பி வருபவர் அடுத்த பக்கம் கேட்டால், நின்ற இடத்திலிருந்து புதிய கர்சர் திறக்கும். கனத்தையும் அடையாளத்தையும் இப்படிப் பிரித்தது பெரிய விடுதலை. ஆப்ஜெக்ட் சில நூறு பைட்டோடு எவ்வளவு நேரம் கிடந்தாலும் யாருக்கும் நட்டமில்லை என்பதால், குத்தகையைப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமாக உயர்த்த முடிந்தது. சாப்பிடப் போனவரின் பிழை அத்துடன் நின்றது. ஆர்எம்ஐயின் கலெக்டர் கடைசி வலையாக அடியில் இருக்கிறது.

புதிதாக எழுதுவதென்றால் என் தேர்வு வேறு. ஒரே அலுவலகத்துக்குள், நிலையான இணைப்பில், கால்பேக் நிறைய உள்ள அமைப்புக்கு இணைப்போடு கட்டிய ரெஃபரன்ஸ். மொபைல் கிளையன்ட் என்றால் அடையாள எண்ணும் சர்வர் வைக்கும் நேரக்கெடுவும். பழைய ஆர்எம்ஐ நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். மூடும் மெத்தடையும் கடிகாரத்தையும் சேர்த்தாலே பெரும்பாலான வலி போய்விடும்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். அன்ரெஃபரன்ஸ்டு அழைப்பு வரும்போது, ஆப்ஜெக்ட் அதற்குள் ‘மூடு’ வழியாக முறைப்படி மூடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பதிவில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி வருகிறது என்றால், கிளையன்ட் செத்திருக்க வேண்டும், அல்லது குத்தகை முடியும் வரை தொடர்பின்றி இருந்திருக்க வேண்டும், அல்லது அதன் நிரலில் எங்கோ ஒரு மூடல் விடுபட்டிருக்க வேண்டும். எங்களுக்கு முதல் வாரத்திலேயே விடுபட்ட இடங்கள் மூன்று கிடைத்தன. மூன்றும், பிழைச் செய்தியைக் காட்டிவிட்டுப் பாதியில் திரும்பும் பாதைகள்.